காற்று ஓடாத பக்கம்

எங்கள் வளவிலும் அதைச் சுற்றிய ஏழெட்டு வேலிகளுக்குள்ளும் எந்தப் பிள்ளை இருமினாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் கிணற்றடியில் நின்றபடியே, கையிலிருக்கும் வாளியை இறக்காமல் சொல்லிவிடுவேன். இது தடிமல் இருமல், சளி கழன்றுவிட்டது, பேசாமல் விடுங்கள். இது இழுப்பு, மேகம் கறுத்தால் வரும், நெஞ்சைக் குளிர விடாதீர்கள். கீழ்வேலிக்காரியின் மகள் ஒருநாள் நாய்க்குட்டி குரைப்பதுபோல் இருமியதும் எல்லாரும் பேய்க் கோளாறு என்று நூல் கட்ட ஓடினார்கள். நான்தான் அவளை வெளியே தூக்கிப் போய்ப் பனிக்காற்றில் வைத்திருக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் குரைப்பு அடங்கியது. மேல்வேலிக்காரியின் மகனோ தாய் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் இருமுவான். அவனுக்கு மருந்து ஒரு துண்டு பனங்கட்டி. அதையும் நான்தான் கண்டுபிடித்தேன்.

எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

என் பெயர் சீதேவிப்பிள்ளை. ஊர் தேற்றாத்தீவு, கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் நாங்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். அப்படி ஒரே வளவில் இரண்டு வீடு; ஒன்றில் அக்கா அன்னப்பூரணி, மற்றதில் நான். கிணறு பொது, அம்மி பொது, சண்டையும் பொது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். என் புருஷன் வாவியில் மீன் பிடிக்கிறவர். பெயர் கோணாமலை. இது எழுத்து, அதனால் எழுதிவிட்டேன். வாயால் சொல்லச் சொன்னால் சொல்லமாட்டேன். அவரும் லேசில் வாய் திறக்கிறவர் அல்ல. இருவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் இருந்தது. அந்த வருடம் ஊரெல்லாம் கக்குவான் இருமல். பெரிய பிள்ளைகள் என்றால் விடாமல் இருமி, முகம் கறுத்து, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘கூ’ என்று ஒரு சத்தம் வரும். நாலு வீட்டுக்குக் கேட்கும். பச்சைப்பிள்ளைக்கு அப்படிக் கூவப் பலம் இல்லை. இரண்டு தரம் மெல்ல இருமும், பிறகு மூச்சு விட மறந்துவிடும். அக்காவின் பிள்ளை என் மடியில் கிடந்துதான் மறந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. நித்திரை என்று நினைத்து ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் இருமலையும் நான் சும்மா விட்டதில்லை. என் காது வளர்ந்த கதை அவ்வளவுதான்.

அக்காவின் வயிற்றில் மறுபடி ஒன்று தங்கப் பதினொரு வருடம் ஆனது. மட்டக்களப்புக்கு ரயில் வந்து பத்து வருடம் இருக்கும், அந்த மாசியில் அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கைக்கு அடங்காத தலைமயிரும் கோபக்கார மூக்குமாக இருந்தாள். மூக்கு என்னுடையது என்று மருத்துவிச்சி கண்ணகை சொன்னாள். அக்கா சந்தோஷத்தில் எதற்கெடுத்தாலும் அழுதாள். அத்தான் அறுவடைக்கு வயலில் தங்கியிருந்தார். என் மகன் சீனித்தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது. நடக்கப் பழகிய திமிரில், தொட்டிலடியே கதி என்று கிடந்து, விட்டால் அந்தச் சின்னவளின் கன்னத்தைக் கடித்துத் தின்றுவிடுவான் போலிருந்தான்.

ஒன்பதாம் நாள் நான் அக்காவுக்குக் காயம் அரைத்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து அது. மிளகு, வேர்க்கொம்பு, ஓமம், உள்ளி எல்லாம் சேரவேண்டும். வறுத்து அரைக்கிற அன்று வளவில் ஒருவரும் ஒழுங்காக மூச்சு விடமுடியாது. நான் இருமினேன், அடுப்படியில் நின்ற கண்ணகை இருமினாள், உள்ளே அக்கா இருமினாள். சரக்குப் புடைத்த சுளகைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்ற சீனியும் இருமினான். அவன் மட்டும் கண் பிதுங்க, முகம் சிவந்து, கொஞ்சம் கூடவே இருமினான். புகை என்று திட்டிக்கொண்டு அவனை முற்றத்துக்குத் தூக்கிப்போனேன். சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து இறக்கிவிட்டு அம்மிக்குத் திரும்பினேன். அக்காவின் காயம் கருகக்கூடாது அல்லவா.

அன்று மாலையே அவன் மறுபடி இருமினான். அடுத்த நாளும் இருமினான். புகை நெஞ்சில் தங்கிவிட்டது என்று ஆடாதோடை இலையும் மிளகும் போட்டு அவித்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காத்தான்குடியிலிருந்து புடவை மூட்டையோடு உசனார் வந்தார். வருடக்கணக்காக எங்கள் வளவுக்கு வருகிறவர். பிறந்த பிள்ளைக்கு என்று ஒரு துண்டு மல் துணியைச் சும்மாவே கொடுத்தார். போகிற போக்கில், தெற்கே இரண்டு மூன்று ஊர்களில் கக்குவான் ஓடுகிறது, பிள்ளையைக் கவனமாக வைத்திருங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வெளியே போய் வேலிப் படலையை இன்னும் சாத்தக்கூட இல்லை, சீனி இருமத் தொடங்கினான். ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சு விட இடமில்லாமல் இருமினான். முடிவில் மூச்சை இழுத்தபோது மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. கூவல் என்று என் காது சொல்லிவிட்டது. அப்போது நான் அக்காவின் வீட்டு வாசலில் நின்றேன். அன்று காலையில்தான் அவன் தொட்டிலுக்குள் தலையை விட்டுச் சின்னவளின் முகமெல்லாம் எச்சில் பண்ணியிருந்தான்.

மூக்கில் ஒரு சொட்டு நீர் வடியாமல், ஏழு நாள் தடிமல் இல்லாமல் எந்தக் கக்குவானும் தொடங்காது. இதை ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். சீனிக்குத் தடிமலே வரவில்லை என்று அன்றைக்கு எனக்குச் சொல்லித் தர ஒருத்தரும் இல்லை. கண்ணகையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் சீனியின் இருமலைக் கேட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“உன்ட காதுக்கு மேல நான் என்ன கா சொல்லுற?”

அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது. கதவையும் யன்னலையும் பூட்டு, நான் சொல்லும்வரை திறக்காதே என்று அக்காவிடம் முற்றத்தில் நின்று சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. பூட்டச் சொன்னது நானேதான். ஆனாலும் அந்தச் சத்தம் என் நெஞ்சில் அடித்தது.

அன்று பின்னேரமே சீனியோடும் ஒரு பாய், ஒரு பானையோடும் தோணி ஏறினேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், என் புருஷனுக்கு ஒரு வாடி இருந்தது. மீன் படும் காலத்தில் தங்குகிற ஓலைக் குடிசை. அக்கம்பக்கத்தில் பிள்ளைகள் இல்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகும் வண்டிகளின் மணி எப்போதாவது தூரத்தில் கேட்கும், மற்றப்படி தண்ணீரும் கண்டல் மரங்களும்தான்.

சொன்னால் திட்டுவீர்கள், அந்த இடம் நன்றாகவே இருந்தது. காலையில் மணலை மீனும் ஓரா மீனும் துடிக்கத் துடிக்க வரும். சீனி தண்ணீர் ஓரத்தில் மட்டி ஓடுகளைப் பொறுக்கி என் மடியில் கொட்டுவான், சிரிப்பான், ஓடுவான். நடுவில் திடீரென்று இருமல் பிடிக்கும். விட்டதும் மறுபடி ஓடுவான். நாளுக்கு மூன்று வேளை மிளகுக் கசாயத்தை மூக்கைப் பிடித்து ஊற்றினேன். பாவம், எட்டி உதைத்துக்கொண்டே குடித்தான். வாந்தி இல்லை, பிறகு அந்தக் கூவலும் கேட்கவில்லை. நான் அதை யோசிக்கவில்லை. என் யோசனை எல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது. சின்னவளுக்கு வருவதென்றால் எத்தனை நாளில் வரும் என்று விரல்விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் இரண்டாவது பிள்ளையையும் என் மடியால் போகவிட்டேனா என்ற கேள்வி சோறு தின்னும்போதுகூட வந்து உட்கார்ந்தது.

வாடியில் மூன்றாம் நாள் சீனியின் உடம்பு சுட்டது. மத்தியானம் இருமிக் களைத்துப் பாயில் நித்திரையாகிவிட்டான். தோணியைக் கட்டிவிட்டு வந்த என் புருஷன், கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, அவன் நெஞ்சில் காதை வைத்தார்.

அவர் வாவியில் செய்கிற வேலை அதுதான். சவள் என்கிற துடுப்பைத் தண்ணீருக்குள் நட்டு, அதன் பிடியில் காதை அழுத்தி, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி அசையாமல் இருப்பார். கீழே மீன் கூட்டம் இருக்கிறதா, எந்தப் பக்கம் போகிறது என்று அந்தக் கட்டையால் கேட்பார். மற்றவர்கள் வலையை எறிந்து பார்ப்பார்கள், இவர் கேட்டுவிட்டு எறிவார். இப்போதும் அதே முகத்தோடு கிடந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. பிள்ளையின் நெஞ்சிலும் மீன் பிடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் வலப்பக்கம் கேட்டார். இடப்பக்கம் கேட்டார். பிள்ளையை மெல்லப் புரட்டி முதுகில் கேட்டார். மறுபடி வலப்பக்கம் வந்து நெடுநேரம் கிடந்தார்.

“இஞ்ச வா புள்ள,” என்றார். “இடப்பக்கம் கேளு. மறுகா வலப்பக்கம் கேளு.”

இருமலைக் கேட்பதற்கு நெஞ்சில் காது வைக்கத் தேவையில்லை என்பது என் பெருமை. வேலிக்கு அங்காலே நின்று சொல்லுகிறவள் நான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து குனிந்தேன். இடப்பக்கம் காற்று உள்ளே போய் வந்தது, ஓலைக்குள் காற்றுப் போகிற மாதிரி மெதுவாக, ஒழுங்காக. வலப்பக்கம் வைத்தேன். இதயம் அடித்தது. காற்று இல்லை. கீழே எங்கேயோ ஒரு சின்ன விசில் மட்டும் வந்து நின்றது. நான் கூவல் என்று நினைத்தது அந்த விசிலைத்தான்.

“அங்கால காத்து ஓடுதில்ல,” என்றார் அவர். “இது கக்குவான் இல்ல. என்னமோ ஒண்டு அடைச்சுக் கிடக்கு.”

அவர் கல்யாணத்துக்குப் பிறகு ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் அதிகம்.

மறுநாள் விடிந்ததும் தோணியில் எங்கள் ஊர்ப் பக்கமான எழுவான்கரைக்கு வந்தோம். துறையிலிருந்து பெரிய தெருவுக்குப் போகிற வழி எங்கள் வளவைத் தாண்டித்தான். நான் தெருவின் அந்தக் கரையால் நடந்தேன். அவர் தப்பாகக் கேட்டிருந்தால்? நானே தப்பாகக் கேட்டவள்தானே. ஆசுபத்திரியில் ஒருவர் சொல்லும்வரை வளவுக்குள் கால் வைப்பதில்லை என்றிருந்தேன். சீனியின் இருமல் சத்தத்துக்கு அக்காவின் வீட்டு யன்னல் ஒரு விரலளவு திறந்தது.

“சீதேவி,” என்று அக்கா கூப்பிட்டாள். “இவளும் விடியக்காலம் ரெண்டுதரம் இருமினாள். கிட்ட வந்து கேட்டுச் சொல்லன், தங்கச்சி.”

நான் நின்ற இடத்தில் நின்றேன். இரண்டு தரம் என்ற சொல் என் காதில் நின்றது. என் தோளில் கிடந்த பிள்ளையோடு கிட்டப் போகமுடியாது. தூரத்தில் நின்று கேட்கவும் அந்த நேரம் சின்னவள் இருமவில்லை. கல்முனையிலிருந்து வரும் பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்தது. எழுப்பி மடியில் வைத்துக்கொள், மூச்சைப் பார்த்துக்கொண்டே இரு, நித்திரையாகவிடாதே என்று கத்திவிட்டு ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். பக்கத்து ஆசனத்தில் மூட்டையோடு உசனார் இருந்தார். எதுவும் கேட்காமல் தன் சால்வையை மடித்துச் சீனியின் தலைக்கு வைத்தார். இருமல் வந்ததும் மற்றவர்கள் முகத்தைச் சுளித்தபோது, பிள்ளைக்குச் சுகமில்லை, தெரியாதா என்று அவர்களைத்தான் அதட்டினார்.

கல்லடிப் பாலம் தாண்டி ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. டொக்டர் மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். என்ன வருத்தம் என்று கேட்டார். நான் கக்குவானில் தொடங்கி ஒவ்வொரு நாளாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் காதுக்குழாயைத் துடைத்துக்கொண்டே பாதியில் கேட்பதை விட்டுவிட்டார் என்று தெரிந்தது. அப்போது என் பின்னால் நின்ற என் புருஷன் தொண்டையைச் செருமினார்.

“ஐயா, வலப்பக்கம் காத்து ஓடுதில்ல.”

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வாவியில் என்றார் இவர். டொக்டர் குழாயை வைத்து அந்தப் பக்கம் கேட்டார், இந்தப் பக்கம் கேட்டார், விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு இவரை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சரிதான் என்றார்.

பிள்ளை எதையாவது வாயில் போட்டானா என்று என்னைக் கேட்டார். கச்சான்கொட்டை, புளியங்கொட்டை, பாசிமணி, பொத்தான்? எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையை நான் கண்டதையும் வாயில் போட விடுகிறவள் இல்லை என்றேன்.

“அம்மா, இருமல் எப்படி என்று பிறகு சொல்லுங்கள்,” என்றார் அவர், கோபமில்லாமல். “முதல் இருமல் வந்த நேரம் அவன் எங்கே நின்றான்? கையில் என்ன இருந்தது?”

ஊரில் எத்தனை இருமலுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. அம்மியடி கண்ணுக்குள் வந்தது. சுளகு வந்தது, சுளகை இழுத்துக்கொண்டு நின்ற சின்னக் கை வந்தது, சுளகில் வறுக்காமல் மீந்து கிடந்த மிளகு வந்தது. கண் பிதுங்கிய அந்த முதல் இருமல் வந்தது. எல்லாரும் இருமிய வீட்டில் அவன் இருமலை மட்டும் நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாளுக்கு மூன்று வேளை அவன் தொண்டைக்குள் நான் ஊற்றியதும் மிளகுதான். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

சொன்னேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். பக்கத்தில் நின்ற தாதி மிசி சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொழும்பில் இதற்கென்று குழாய்க் கருவி இருக்கிறது, ரயிலில் அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு முன்னால் இங்கே ஒரு தரம் பார்க்கிறேன் என்றார் டொக்டர். பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டப் போவதாகவும், இதை வீட்டில் ஒருக்காலும் செய்யக்கூடாது என்றும் சொன்னார். கீழே கிடப்பது மேலே வந்து தொண்டையை அடைத்தால் அந்த நிமிடமே மூச்சு நின்றுவிடும். இங்கே என்றால் தொண்டையைத் திறக்கக் கத்தியும் குழாயும் ஆயத்தமாக இருக்கின்றன. அந்த மேசையை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு வேறெதையும் பார்க்க விரும்பவில்லை. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

விறாந்தையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கத்தில் நின்றார். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. சீனி கத்தினான், இருமினான், மறுபடி இருமினான். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பதினைந்து வயதில் என் மடியில் இருந்த அமைதி அதுதான். நான் அவர் கையைப் பிடித்தேன், ஆசுபத்திரி விறாந்தையில், எல்லாரும் பார்க்க.

அதன் பிறகு ஓர் அழுகை வந்தது. அடைப்பில்லாத, நிறைந்த, கோபமான அழுகை. அவர் கண்ணை மூடித் தலையைச் சரித்துக் கேட்டார்.

“ரெண்டு பக்கத்தாலயும் அழுறான்,” என்றார்.

வெள்ளைப் பீங்கானில் அது கிடந்தது. ஊதி, தோல் பாதி உரிந்து, சளியோடு ஒரே ஒரு மிளகு. இவ்வளவு சின்னதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. டொக்டர் கழுவிக் கையில் தந்தார், முந்தானையில் முடிந்துகொண்டேன். காய்ச்சல் இறங்கும்வரை இரண்டு நாள் இருக்கவேண்டும் என்றார். கக்குவான் இல்லையே, தொற்றாதே என்று நான் மூன்று தரம் கேட்டேன். மிளகு தொற்றாது அம்மா என்றார். பெரிய சந்தோஷம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பிள்ளை பிழைத்த சந்தோஷம் ஒரு கண்ணில், அக்காவின் பிள்ளைக்கு என்னால் ஒன்றும் இல்லை என்ற சந்தோஷம் மறு கண்ணில், இரண்டும் வடிந்துகொண்டே இருந்தது.

மத்தியானம் உசனார் விசாரிக்க வந்தார். நாளைக்குத் தெற்கே போகும்போது அக்காவிடம் சொல்லிவிடுங்கள், கக்குவான் இல்லை, மிளகு என்று என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “நாளைக்கு எதுக்கு புள்ள? அந்தப் புள்ள கதவப் பூட்டிக்கிட்டு இரிக்கிது. இப்பவே போறன்,” என்று மூட்டையை ஆசுபத்திரிக் காவல்காரனிடம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஊரில் இறங்கினோம். அக்காவின் வீட்டுக் கதவும் யன்னலும் விரியத் திறந்திருந்தன. வாசலில் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து மிளகை அவள் உள்ளங்கையில் வைத்தேன். என் காது பொய் சொல்லிவிட்டது அக்கா, உன்னைச் சும்மா பூட்டி வைத்துவிட்டேன் என்றேன். அவள் மிளகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நீ பூட்டெண்டு சொன்ன நேரம் எனக்கு உன்னில கோவமில்ல,” என்றாள். “உன்ட புள்ளயத் தூக்கிக்கொண்டு தனியப் போறாயே எண்டுதான் பேச்சு வரல்ல.”

நான் சீனியை இறக்கிவிட்டேன். அவன் நேரே போய்ச் சின்னவளின் காலைப் பிடித்தான். யாரும் தடுக்கவில்லை. அக்கா அவளுக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள். நாலு மிடறு குடித்திருப்பாள், இரண்டு தரம் இருமினாள்.

வளவு முழுவதும் அசையாமல் நின்றது. கிணற்றடியில் கண்ணகை வாளியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். என் வாயில் தீர்ப்பு ஆயத்தமாக வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, முதல் இருமல் எப்போது, என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டேன். எப்போதும் பால் குடிக்கும்போதுதான் என்றாள் அக்கா. நான் முழங்காலில் உட்கார்ந்து, அந்தச் சின்ன நெஞ்சில் இடப்பக்கம் காதை வைத்தேன். பிறகு வலப்பக்கம் வைத்தேன். முதுகிலும் கேட்டேன். என் காதில் பால் பட்டது.

“ரெண்டு பக்கமும் காத்து ஓடுது, அக்கா,” என்றேன். “பால் கெதியாப் பாய்ஞ்சு வருது. கொஞ்சம் நிமித்திப் புடிச்சுக் குடு.”

அக்கா பெருமூச்சு விட்டாள். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தாள். எனக்கும் மனம் நிறைந்துவிட்டது. காது பழையபடி எனக்கே திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது அவள், என் முகத்தைப் பார்க்காமல், பஸ்ஸுக்கு ஓடும்போது படலையடியில் விட்டுப்போன சவளை எடுத்துக்கொண்டு நின்றவர் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

“அவரையும் ஒருக்காக் கேக்கச் சொல்லன், தங்கச்சி.”

பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டு, துடக்கல்லவா, ஆண்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்றேன். துடக்கென்றால் பிறகு குளிக்கட்டும் என்றாள் அக்கா. கண்ணகை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. எழுந்து நின்று சேலையைத் தட்டினேன்.

“இஞ்சாருங்க,” என்று கூப்பிட்டேன். “கையக் கழுவிக்கொண்டு வாங்க. இவளயும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க.”